வீரபத்திரன் கேட்டு வாங்கிய மூன்று மாதம்

வீரபத்திரனுக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தபோது அவர் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டு மாடியில், சென்ட்ரிங் பலகை மேல் நின்றபடி கம்பி கட்டுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கீழே சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பியூன் அண்ணாந்து பார்த்தான்.

"காண்ட்ராக்டர் வீரபத்திரன் யாருப்பா?"

ஏணியில் இறங்கி வந்து, கையில் ஒட்டியிருந்த சிமென்ட்டை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். 1969 செப்டம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காகிதம் இங்கிலீஷில் இருந்தது. தன் பெயரை மட்டும் அடையாளம் கண்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார். ஆனால் அன்றைக்கு அதற்கப்புறம் அவர் யாரையும் திட்டவில்லை. அதிலிருந்தே ஆட்களுக்கு என்னமோ நடந்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. முசரவாக்கம் காலனியில் பிறந்தவர். பதினாலு வயதில் வீட்டைவிட்டு காஞ்சிபுரத்துக்கு வந்து, கொத்தனார்களுக்குக் கலவை சுமந்து, கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, முப்பத்தெட்டு வயதில் சொந்தமாக காண்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கினார். நெசவாளி வீடுகளுக்கு மாடி கட்டுவதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தறி ஓடுகிற வீட்டில் வேலை செய்வது எல்லாருக்கும் வராது. மேலே உளி போட்டால் கீழே தறியில் பூட்டிய பாவு நூலில் தூசி விழும். ஒரு சேலை கெட்டால் கொத்தனார் கூலி ஒரு மாதத்துக்குப் போய்விடும். வீரபத்திரன் தறிக்கு மேல் பழைய போர்வைகளை இரட்டையாகக் கட்டிவிட்டு, நெசவாளி சாப்பிட எழுந்திருக்கும் நேரம் பார்த்து உளி வேலையை வைத்துக்கொள்வார். காலையில் தெரு முழுக்கப் பாவு நீட்டியிருப்பார்கள் என்பதால் செங்கல் வண்டி பத்து மணிக்கு முன்னால் உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பு. இப்படி ஒருவர் வீட்டைப் பார்த்து இன்னொருவர் கூப்பிட்டு, ஏழு வருஷத்தில் அவர் கையில் ஒரே சமயத்தில் நாலு வேலை ஓடும் அளவுக்கு வந்திருந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை மனைவி அம்சாவிடம் கொடுத்தார். அம்சா மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். வீட்டுக் கணக்கும் வேலைக் கணக்கும் அவள் கையில்தான் இருந்தன. விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"இன்கம்டாக்ஸ் ஆபீஸ்லருந்து வந்துக்குது. போன வருசம் எவ்ளோ சம்பாரிச்சோம்னு கணக்கு எழுதிக் குடுக்கணுமாம். முப்பது நாள்ல."

"தப்பு ஏதாச்சும் பண்ணிட்டமா?"

"அப்படி ஒண்ணும் எழுதல. கணக்குதான் கேக்கறாங்க."

வீரபத்திரன் காகிதத்தை வாங்கி மறுபடி மடித்தார். காலனியில் இதுவரை யாருக்கும் இப்படிக் காகிதம் வந்ததில்லை. பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், சொல்ல வெட்கப்படுகிற மாதிரி ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

மறுநாள் சிமென்ட் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் கலியனிடம் சொன்னார். கலியன் சிரித்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற? வந்த பணத்துல எட்டு பர்சன்ட் லாபம்னு எழுதிக் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பா. அல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"அல்லாரும் பண்ணா கண்டுக்க மாட்டாங்க. நான் பண்ணா கண்டுக்குவாங்க" என்றார் வீரபத்திரன். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கம்பிக்கு என்ன விலை என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

நெல்லுக்காரத் தெருவில் ஒரு மாடி அறையில் இளங்கோவன் என்பவர் வரிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயது. அப்பா தறி நெய்தவர். மகன் சென்னையில் ஓர் ஆடிட்டரிடம் ஆறு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, பட்டுக்கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தார். வேகமாகப் பேசுவார். வீரபத்திரனும் அம்சாவும் ஒரு கோணிப்பை நிறைய பில்லும், பதினோரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தார்கள். நாலு நாள் கழித்து வரச் சொன்னார்.

நாலாம் நாள் இளங்கோவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நோட்டைத் திருப்பினார்.

"நோட்டு நல்லா எழுதியிருக்கீங்கம்மா. போன ஏப்ரல்லருந்து இந்த மார்ச் வரைக்கும் வரவு ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம். சிமென்ட், கம்பி, மரம் எல்லாத்துக்கும் பில் இருக்குது. கூலிக்கு முக்கால்வாசி கைரேகை இருக்குது. செங்கல்லுக்கு இன்னா இருக்குது, காண்ட்ராக்டர்?"

"செங்கல்லுக்குக் கோடு இருந்துது சார்."

"கோடா?"

வீரபத்திரன் சொன்னார். செங்கல் முழுக்கத் தென்னேரியிலிருந்து, துரைக்கண்ணு என்பவர் சூளையிலிருந்து வருகிறது. ஒரு வண்டி இறக்கினால் வண்டிக்காரன் கட்டுகிற சுவரிலேயே கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பான். மாதக் கடைசியில் இரண்டு பேரும் கோட்டை எண்ணுவார்கள். காசைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் சுவருக்குப் பூச்சு வேலை வரும், வெள்ளையடிப்பார்கள்.

"அப்போ சர்க்காருக்குக் காட்ட வேண்டிய ரசீது மேல நீங்களே சுண்ணாம்பு அடிச்சிட்டீங்க" என்றார் இளங்கோவன்.

அம்சா தன் நோட்டில் பணம் கொடுத்த தேதிகளைக் குறித்திருந்தாள். 'து.க. செங்கல் 600', 'து.க. 850' என்று. எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் வந்தது. ஆனால் வாங்கினவர் கையெழுத்து எங்கேயும் இல்லை. நாலாயிரம் ரூபாய்க் கூலிக்கும் கைரேகை இல்லை. அந்த ஆட்கள் அறுப்புக்கும் வேறு வேலைக்கும் கலைந்து போயிருந்தார்கள்.

"இந்தப் பதினெட்டாயிரத்தையும் விட்டுட்டுக் கணக்குப் போட்டா, உங்க வருமானம் முப்பத்திரண்டாயிரம். வரி எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. சேத்துப் போட்டா வருமானம் பதினாலாயிரம். வரி ஆயிரத்து நானூறு, ஐநூறுக்குள்ள வரும்."

"முப்பத்திரண்டாயிரம் சம்பாரிச்சிருந்தா என் கழுத்துல கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருக்குமே" என்றாள் அம்சா.

"துரைக்கண்ணுகிட்ட சூளைக் கணக்குப் புஸ்தகம் இருக்கும் இல்லியா? அதப் பாத்து ஒரு கடிதாசு எழுதிக் குடுத்தார்னா போதும்."

அங்கேதான் சிக்கல். துரைக்கண்ணு மாட்டு வண்டி கவிழ்ந்து கால் எலும்பு முறிந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்டோபர் பாதிக்கு முன் வரமாட்டார். புத்தகம் அவர் பீரோவில். சாவி அவர் இடுப்பில். நோட்டீஸின் முப்பது நாளோ அக்டோபர் இரண்டோடு முடிகிறது. அன்றைக்குக் காந்தி நூற்றாண்டு விடுமுறை வேறு.

இளங்கோவனுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"ஆறாம் நம்பர் படிவம். காரணத்த எழுதி டைம் கேப்போம். உங்களுக்கு மார்ச்சோட முடியற கணக்கு. அதனால டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் குடுக்கலாம். அதுவரைக்கும் வட்டி கெடையாது. அதுக்கு மேல போனாதான் வருசத்துக்கு ஒம்பது பர்சன்ட். கேக்காம சும்மா நாளத் தள்ளினா மாசத்துக்கு வரியில ரெண்டு பர்சன்ட் அபராதம் போடலாம். கேட்டா அதுவும் இல்ல. கையெழுத்துப் போடுங்க."

வீரபத்திரன் படிவத்தைத் தொடவில்லை.

"டைம் எல்லாம் கேக்க வேணாம் சார். எட்டாயிரம்னா எட்டாயிரம். கட்டிடறேன்."

"இன்னாது?"

"ஓரிக்கை ரோட்டுல ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கேன். வித்துடறேன்."

இளங்கோவன் அம்சாவைப் பார்த்தார். அம்சா தரையைப் பார்த்தாள். "நாளைக்கு வரோம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வழியில் பெரிய தெருவைத் தாண்டி, கூட்டம் குறைந்த இடத்துக்கு வந்ததும் அம்சா கேட்டாள். "இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? பதிமூணு வருசம் சேத்து வாங்கின மனை அது."

அப்போதுதான் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அம்சாவுக்கு மேலோட்டமாகத் தெரியும். இந்த அளவுக்குச் சொன்னதில்லை. அப்பா சின்னப்பையன் முசரவாக்கத்தில் ஒரு நிலக்காரரிடம் படியாளாக இருந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய நெல்லைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஒவ்வோர் அறுப்பு முடிந்ததும், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு களத்து ஓரம் நின்று, "அடுத்த போகத்துக்குக் குடுத்துடறேன் ஆண்டே" என்பார். நிலக்காரர் இல்லை என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ஏதாவது ஒன்று கூடச் சேர்ந்துகொள்ளும். ஒரு வருஷம் அம்மா மாட்டுக் கொட்டகை கூட்டுவது சேர்ந்தது. இன்னொரு வருஷம் அக்கா. கடைசியில் ஏழு வயசு வீரபத்திரன் மாடு மேய்க்கப் போனார். ஏழு வருஷம் மேய்த்தார்.

"டைம் குடுத்தவன் சும்மா குடுக்க மாட்டான் அம்சா. எழுதிக் குடுத்துட்டு நின்னா, நாளைக்கு இன்னா கேப்பானோ. பணம்னா ஒரு தபா போவும். போயிட்டுப் போவுது."

அம்சா வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். சின்னவள் பாடம் ஒப்பித்ததைக் கேட்டாள். பிறகு இளங்கோவன் முன்பே கொடுத்திருந்த, வருமானக் கணக்கு எழுதுகிற ரிட்டர்ன் படிவத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத கேளுங்க. கையெழுத்துப் போடற எடத்துக்கு மேல எழுதிக்கிறான். 'இதில் உள்ளது எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரியானது, முழுசானது'ன்னு. அத நீங்க ஒத்துக்கினு கையெழுத்துப் போடணும்."

"அதுக்கு?"

"நீங்க முப்பத்திரண்டாயிரம் சம்பாரிச்சீங்களா?"

"இல்ல."

"அப்போ அத எழுதிட்டு சரின்னு எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க? கம்மியா எழுதினா மட்டும்தான் பொய்யா? கலியன் எட்டு பர்சன்ட்னு சொன்னதுக்கும் இதுக்கும் இன்னாங்க வித்தியாசம்? ரெண்டும் தெரியாம எழுதறதுதான்."

வீரபத்திரன் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் பார்த்தார்.

"உங்கப்பா கைல காயிதம் இல்ல" என்றாள் அம்சா. "அந்த ஆண்டே வச்சதுதான் சட்டம். இதுல இவ்ளோ நாள், இவ்ளோ வட்டின்னு முன்னாடியே அச்சடிச்சு வச்சிக்கிறான். அதுக்கு மேல கேட்டா, குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வாங்க. நான் கூட வரேன்."

காலையில் அவர் இளங்கோவன் அறைக்குப் போய் டைம் கேட்கிற படிவத்தில் கையெழுத்துப் போட்டார். காரணம் என்கிற இடத்தில், செங்கல் விற்றவர் ஆஸ்பத்திரியில் இருப்பதையும், கூலியாட்களை ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டியிருப்பதையும் அப்படியே எழுதச் சொன்னார். இளங்கோவன் வழக்கமாக எழுதுகிற 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்பதை அடித்துவிட்டு, இவர் சொன்னதை இங்கிலீஷில் எழுதினார்.

வருமான வரி ஆபீசில் தபால் வாங்குகிற இடத்தில் கமலாட்சி என்று ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வீரபத்திரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். யாராவது உள்ளே கூப்பிடுவார்கள், விசாரிப்பார்கள், என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் பாடம் பண்ணியிருந்தார். கமலாட்சி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தேதி போடலியே."

அம்சா பேனாவைத் திறந்து கொடுத்தாள். வீரபத்திரன் தேதி போட்டார். கமலாட்சி இரண்டு காகிதத்திலும் முத்திரை குத்தி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ்ளோதாம்மா?" என்றார் வீரபத்திரன்.

"அவ்ளோதான். பதில் தபால்ல வரும். கொஞ்சம் நகருங்க, பின்னாடி ஆளு நிக்குது."

வெளியே வந்ததும் முத்திரை குத்திய காகிதத்தை இன்னொரு தரம் பிரித்துப் பார்த்தார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய பாறாங்கல்லைத் தூக்க மூச்சுப் பிடித்துக் குனிந்தவன், அது வெறும் கூடை என்று தெரிந்து தடுமாறுகிற மாதிரி இருந்தது. செப்டம்பர் இருபத்தாறாம் தேதி பதில் வந்தது. டிசம்பர் முப்பத்தொன்று வரை அனுமதி.

அந்த மூன்று மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பின்னால் நோட்டும் மைப்பெட்டியும். அய்யங்கார்குளம், முத்தியால்பேட்டை, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் என்று ஆட்களைத் தேடிப் போனார். எல்லம்மாள் என்கிற சித்தாள் கைரேகை வைக்க மாட்டேன் என்று அழுதாள்; எதிலோ கைரேகை வைத்துத்தான் அவள் அப்பன் வீட்டை இழந்தானாம். வீரபத்திரன் அவளை வற்புறுத்தவில்லை. அம்சாவை அனுப்பி, நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். வாரம் பதினாலு ரூபாய் வீதம் தான் வாங்கிய கூலிதான் எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் வைத்தாள். நாலாயிரத்தில் மூவாயிரத்து நானூறுக்குக் கைரேகை சேர்ந்தது. மீதி ஆட்கள் சென்னைக்குப் போனவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்டோபர் மூன்றாவது வாரம் துரைக்கண்ணு வேலூரிலிருந்து திரும்பினார் என்று கேள்விப்பட்டதும் தென்னேரிக்குப் போனார். மழை பிடித்திருந்தது. ஏரி பாதிக்கு மேல் நிரம்பி, கரையோரம் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. துரைக்கண்ணு வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு கிடக்கும். செங்கல் பேச வந்தால் வீரபத்திரன் அதில்தான் உட்காருவார். உள்ளே கூப்பிட்டதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் அப்பா சொன்ன 'ஆண்டே' அவர் வாயில் வராது. அதற்குப் பதிலாகக் காஞ்சிபுரத்தில் கற்றுக்கொண்ட 'சார்' ஒன்றை வைத்திருந்தார். துரைக்கண்ணுவுக்கும் அது பிடித்திருந்தது.

கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு, விஷயத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"என் புஸ்தகத்த நீ சர்க்காருக்குக் காட்டுவ. நாளைக்கு அவன் என் வாசல்ல வந்து நிப்பான். நான் வெவசாயிப்பா. எனக்கு இன்கம்டாக்ஸ் கெடையாது."

"நெல்லுக்குக் கெடையாது சார். சூளைக்கு உண்டாம்."

"யார்ரா சொன்னது?"

"இளங்கோவன் சொன்னாரு."

அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாம் தடவை போனபோது துரைக்கண்ணு தூங்குகிறார் என்று அவர் மனைவி லோகாம்பாள் சொல்லி அனுப்பினாள். நவம்பர் நடுவில் மூன்றாம் தடவை போனார். இந்தத் தடவை அவர் கடிதாசு கேட்கவில்லை.

"சார், நான் ரிட்டர்ன்ல செங்கல் வாங்கினத எழுதத்தான் போறேன். யார்கிட்டன்னு கேட்டா உங்க பேரத்தான் சொல்லணும். வேற பேரு சொன்னா அது பொய்யி. உங்களுக்குத் தெரியாம எழுத வேணாம்னுதான் சொல்லிட்டுப் போக வந்தேன். கடிதாசு குடுக்காட்டியும் பரவால்ல."

வீரபத்திரன் சைக்கிளை எடுத்தார். உள்ளே லோகாம்பாள் ஏதோ சொல்வதும், துரைக்கண்ணு அவளை அதட்டுவதும் கேட்டது.

பத்து நாள் கழித்து, நெல்லுக்காரத் தெரு மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வீரபத்திரனும் அம்சாவும் அப்போது இளங்கோவன் அறையில்தான் இருந்தார்கள். துரைக்கண்ணு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, அங்கே இருந்த ஒரே பெஞ்சில் வீரபத்திரன் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியிலிருந்து சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் புத்தகத்தை எடுத்து வைத்தார்.

"இவனுக்குக் கடிதாசு எழுதிக் குடு. அப்படியே எனக்கும் இன்னா பண்ணணும்னு சொல்லு. எனக்கும் டிசம்பர் வரைக்கும் டைம் உண்டு இல்ல?"

இளங்கோவன் தயங்கினார். "உங்களுக்கு நாள் செப்டம்பர் முப்பதோட போயிட்டுதே. நாள் போறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

"எனக்கு யாரும் நோட்டீஸே அனுப்பலியே!"

"அனுப்பாட்டியும் நாமளா குடுக்கணும். இப்பக் குடுத்துடுங்க. ஆஸ்பத்திரி சீட்ட வச்சிக் காட்டினா அபராதம் போட மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். வட்டி கட்டறா மாதிரி இருக்கும்."

"அவனுக்கு வட்டி இல்ல, எனக்கு உண்டா?"

"அவர் கேட்டாரு" என்றார் இளங்கோவன்.

துரைக்கண்ணு திரும்பி வீரபத்திரனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, எழுதுப்பா."

சூளைப் புத்தகம் அம்சாவின் நோட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. அவள் விட்டுவிட்ட ஒரு தொகை அதில் இருந்தது, முந்நூற்று இருபது ரூபாய். ஆனால் இன்னொன்றும் இருந்தது. ஆடி மாதம் உடைந்த கல் வந்ததற்காகத் துரைக்கண்ணு தொள்ளாயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்திருந்தார். அது அம்சா நோட்டில் இல்லை. வீரபத்திரன் அந்தப் பணத்தை வாங்கி நேராகக் கம்பிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் சொல்ல மறந்துபோயிருந்தார். அதைச் சேர்த்தால் வரி கொஞ்சம் ஏறும். இளங்கோவன் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றார் வீரபத்திரன். அம்சா அவரை முறைத்தாள். எழுதச் சொன்னதற்காக இல்லை, மறந்ததற்காக.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி ரிட்டர்ன் போடப்பட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசிப் பக்கத்தில் இருந்ததை இளங்கோவனைத் தமிழில் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஜனவரியில் பாங்கில் சலான் எழுதி ஆயிரத்து அறுநூறு ரூபாய்ச் சொச்சம் கட்டினார். மனை விற்கப்படவில்லை.

அடுத்த ஆகஸ்டில் அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கைரேகை நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். துரைக்கண்ணுவின் கடிதத்தைப் படித்தார். அதே துரைக்கண்ணுவின் ரிட்டர்னும் அதே ஆபீசில் இருந்ததால், ஆளை அனுப்பி அதை எடுத்துவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் ஒரே தொகை.

"இந்த அறுநூறு ரூபாய்க் கூலிக்கு எதுவும் இல்லையே?"

"இல்லீங்க. ஆளுங்க கெடைக்கல. மூணு மாசம் தேடினேன்."

"அதை ஒத்துக்க முடியாது."

"சரிங்க."

அதிகாரி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். வாதாடுவார் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. அறுநூறைக் கணக்கிலிருந்து தள்ளினார். மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது நூறு ரூபாயை ஒட்டி. அபராதம் இல்லை, வட்டி இல்லை. துரைக்கண்ணுவுக்கு ஆஸ்பத்திரி சீட்டைப் பார்த்து அபராதத்தை விட்டுவிட்டார்கள். வட்டி நாற்பது ரூபாய் சொச்சம் கட்டினார். அந்த நாற்பது ரூபாயைப் பற்றி அவர் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்.

இதற்கப்புறம் வீரபத்திரன் அச்சாபீசில் சொல்லி ரசீதுப் புத்தகம் அடித்துக்கொண்டார். வண்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அம்சா வண்டிப் படம் போட்ட கட்டங்கள் வைத்து ஒன்று அடிக்கச் சொன்னாள். அடுத்த வருஷம் ரிட்டர்னை நாளுக்கு முன்பே போட்டார்கள். அதற்கடுத்த வருஷம் அம்சாவுக்கு டைபாய்டு வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டாள். வீரபத்திரன் தானே டைம் கேட்கிற படிவம் வாங்கிவந்து, பெரிய மகளைக் காரணம் எழுதச் சொல்லி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இளங்கோவனுக்கு அப்புறம்தான் தெரியும்.

1972-இல் அவர் பெரிய வேலைகளுக்கு டெண்டர் போடலாம் என்று நினைத்தபோது, வருமான வரி பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு சர்டிபிகேட் கேட்டார்கள். விண்ணப்பித்த எட்டாம் நாள் அது கைக்கு வந்தது. வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், ஆறு வகுப்பறை. ஐந்து பேர் டெண்டர் போட்டிருந்தார்கள். இரண்டு பேரிடம் அந்த சர்டிபிகேட் இல்லை; தள்ளிவிட்டார்கள். மீதி மூன்று பேரில் வீரபத்திரன் போட்ட தொகைதான் குறைவு; வேலை அவருக்கு வந்தது.

அடுத்த பிப்ரவரியில் கடைக்கால் தோண்டினார்கள். செங்கல் துரைக்கண்ணு சூளையிலிருந்துதான் வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆறு அறைக்கும் கூரை போட்டாகிவிட்டது.